மடிப்புக் கலையாத துண்டு

மே 28

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் அண்ணி எழுதுவது. மூன்று பேரும் வீடு வந்து சேர்ந்தோம். குட்டிக்கு மூக்கின் மேல் தோல் உரிகிறது. எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. உன் அண்ணனுக்கு மட்டும் ஒன்றும் இல்லையாம். உனக்கு இருமல் விட்டதா?

போனில் கூப்பிடாமல் ஏன் எழுதுகிறேன் என்று உனக்கே தெரியும். "நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசினா எனக்கு சாப்பாடு இறங்க மாட்டேங்குது. இனிமே எழுதிக்கோங்க, கை வலிச்சாவது நிறுத்துவீங்க" என்று உன் அண்ணன் போட்ட உத்தரவு இன்னும் அமலில்தான் இருக்கிறது.

கூடாரத்தில் படுப்பது ஓய்வு என்று உன்னைப் போல முகாம் நடத்துகிறவர்கள்தான் சொல்வார்கள். என் பக்கம் மட்டும் எங்கிருந்துதான் அத்தனை கல் வந்ததோ! ஆனாலும் ஏரி அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. குட்டி இன்னும் போர்வையை நாற்காலி மேல் கட்டி உள்ளே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தீவுக்குப் போன அன்று, சாப்பிட்டு முடித்ததும் அண்ணனும் தங்கையும் பின்பக்கம் போனீர்கள். நானும் குட்டியும் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாமல் படகுத்துறையிலேயே உட்கார்ந்திருந்தோம். ரொம்ப நேரம் கழித்து வந்தீர்கள். "நல்லா நீந்திட்டு வந்தேன்" என்றார் அவர். உன் கண் சிவந்திருந்தது. வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தால், நான் மடித்து வைத்த துண்டு மடித்தபடியே இருக்கிறது. நீந்தினவர் எதில் துடைத்துக்கொண்டார்? பின்பக்கம் இன்னொரு படகு கட்டியிருந்ததைப் படகில் வரும்போதே பார்த்தேன். அங்கே யாரைப் பார்க்கப் போனீர்கள்?

சும்மாதான் கேட்கிறேன். பதில் போடு.

உன் அண்ணி


ஜூன் 6

அன்புள்ள அண்ணிக்கு,

இருமல் ஓடிப்போச்சு. ஏரியும் நானும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். குட்டியின் மூக்குக்கு நேராக என் முத்தம்.

அண்ணன் எப்படி இருக்கிறார்? நன்றாகத் தூங்குகிறாரா? தலைவலி என்றாரா? இன்னும் மோட்டார் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறாரா?

நீங்கள் போன மறுநாள் காற்றடித்து மூன்று கூடாரம் பறந்துவிட்டது. முளைகளைப் பொறுக்கிப் பொறுக்கி இடுப்பு போச்சு. படகுக்காரர் உங்களை இன்னும் விசாரிக்கிறார். "கரையில ஏறின பிறகும் ஜாக்கெட்டைக் கழட்டாத அம்மா நல்லா இருக்காங்களா?" என்கிறார். நீச்சல் மாஸ்டர் பெண்டாட்டி என்று சொன்னால் நம்பவே மாட்டேன் என்கிறார்.

துண்டா? அன்று அடித்த வெயிலுக்கு ஆளே காய்ந்துவிடுவார், துண்டு எதற்கு? என் கண்ணில் மணல் விழுந்தது. அந்தப் படகு மீன் பிடிக்க வந்தவர்களுடையது. நீங்கள் போலீஸில் சேர்ந்திருக்க வேண்டியவர் அண்ணி.

குட்டியின் அத்தை


ஜூன் 15

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். நீ திடமாக இருப்பது எழுத்திலேயே தெரிகிறது. பொய் எழுதும்போது உன் கையெழுத்து ரொம்ப அழகாகிவிடும்.

சலவைக் கடை கவுன்ட்டரில் நிற்கிறவளிடம் துணிக் கதையா சொல்கிறாய்? உடுத்தினதா, உடுத்தாமல் கசங்கினதா என்று தொட்டே சொல்லிவிடுவேன். வெயில் மனிதனைக் காய வைக்கும் சரி, துண்டை எங்கள் கடை மடிப்பில் மடித்து வைக்குமா?

நலம் விசாரிக்கிறாயா, துப்பு விசாரிக்கிறாயா? தூக்கம், தலைவலி சரி, மோட்டார் சைக்கிள் எங்கிருந்து வந்தது? கேட்டுவிட்டாய், சொல்கிறேன். ஊரிலிருந்து வந்ததும் வண்டிக்கு உறை போட்டு மூடிவிட்டார். நடந்துதான் போகிறார். "உடம்புக்கு நல்லதுடி" என்கிறார். தெருமுனைக் கடைக்கே வண்டி எடுக்கிற மனுஷன்!

நீச்சல் குளத்தில் அவருக்குக் கீழே புதிதாக ஒரு பெண்ணைச் சேர்த்திருக்கிறார்கள். கழுத்தில் எப்போதும் விசில். அவர் கேட்டுத்தான் சேர்த்தார்களாம். இத்தனை வருஷம் ஒற்றை ஆளாக அறுபது பிள்ளைகளை மேய்த்தவருக்கு இப்போது எதற்குத் துணை?

இன்னொன்று. அவர் சட்டையில் குளோரின் வாசனையே இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வாசனையோடுதான் குடித்தனம் நடத்துகிறேன். நீச்சல் உடுப்பு வெளுக்க வருவதே இல்லை. குளத்துக்குப் போகிறேன் என்று எங்கே போகிறார்?

உனக்குத் தெரியும். சொல்லிவிடு.

அண்ணி


ஜூன் 30

அண்ணிக்கு,

உங்கள் எல்லோருக்கும் உடம்பு சரியாக இருக்கும் என்று நம்புகிறேன். எனக்குக் குறையில்லை. பதில் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். முகாமில் கூட்டம்.

அண்ணனை எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். நீங்கள் நினைப்பது போல ஒன்றும் இல்லை. அந்த விசில் பெண் தண்ணீருக்குள்ளேயே இருந்து சொல்லிக் கொடுக்கிறாளா? அப்படியானால் நல்லதுதான்.

படகு கிளம்பப் போகிறது. பிறகு எழுதுகிறேன்.

உங்கள் நாத்தனார்


ஜூலை 8

நாத்தனாருக்கு,

நான் சௌக்கியமாக இல்லை. நீ இருந்தால் இருந்துகொள்.

நல்லதா? எது நல்லது? ஒரு சின்னப் பெண் என் புருஷன் பக்கத்தில் நாள் பூராவும் நிற்பது உனக்கு நல்லதாகப் படுகிறதா? உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

வீட்டில் நடப்பதைக் கேள். குளிக்கும்போது கதவைத் தாழிடுவதில்லை. "வயசுப் பொண்ணு வளர்ற வீட்ல இது என்ன பழக்கம்?" என்று கத்தினேன். "குட்டிக்கு ஆறு வயசுதானே" என்று முணுமுணுத்தார். பல்பு மாற்றச் சொன்னால், "பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடு" என்கிறார். வீட்டு வேலையில் மனசே இல்லை. வேறெங்கோ இருக்கிறார். கேட்டால் சிரிக்கிறார். முன்னெல்லாம் சண்டைக்காவது வருவார்.

வெளிப்படையாகவே சொல்கிறேன். அது உண்மையானால் குட்டியை அழைத்துக்கொண்டு என் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். பத்து வருஷக் குடித்தனம் என்றெல்லாம் பார்க்க மாட்டேன். ஆனால் கண்ணால் பார்க்காமல் போக மாட்டேன். அதனால் ஒரு காரியம் செய்திருக்கிறேன். குளத்தில் பெண்களுக்கான வகுப்பு நடக்கிறது. விசில் பெண்தான் வாத்தியார். சேர்ந்துவிட்டேன். சிரிக்காதே.

அண்ணி


ஜூலை 20

அன்புள்ள அண்ணிக்கு,

கோபத்திலாவது நேரத்துக்குச் சாப்பிடுங்கள். எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, மனசுதான் ஆறவில்லை. உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன்.

சிரிக்கவில்லை. நீங்கள் தண்ணீரில் இறங்கினது எனக்கு எவ்வளவு நிம்மதி என்று உங்களுக்குத் தெரியாது. வகுப்பை விட்டுவிடாதீர்கள். முடிந்தவரை அண்ணன் கண்ணில் படும்படி இருங்கள்.

என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அவ்வளவுதான் சொல்ல முடியும். அதில் பெண் யாரும் இல்லை, இதையும் சத்தியமாகச் சொல்கிறேன். அவரையே உட்கார வைத்துக் கேளுங்கள். கத்தாமல் கேளுங்கள் அண்ணி. கத்தினால் அவர் சிரித்து மழுப்பிவிடுவார்.

உங்கள் நாத்தனார்


ஆகஸ்ட் 2

நாத்தனாருக்கு,

உயிரோடு இருக்கிறேன், நிறையக் குளத்துத் தண்ணீர் குடித்திருக்கிறேன். நீ எப்படி?

கத்தாமல்தான் கேட்டேன். "என்கிட்ட எதையாவது மறைக்கிறீங்களா?" என்றேன். "உன்கிட்ட மறைச்சு யாராவது தப்பிக்க முடியுமா?" என்று எழுந்து போய்விட்டார். உன் சத்தியத்தை நீயே வைத்துக்கொள்.

முதல் நாள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, "என் கால் தரையில இருக்கா?" என்று கத்தினேன். பக்கத்தில் இருந்த பாட்டி வயதில் இருந்த ஒரு அம்மா குனிந்து பார்த்து, "இருக்கு, இருக்கு" என்றார். இப்போது முகத்தை உள்ளே வைத்து மூச்சு விடுகிறேன். மிதக்கிறேன். விசில் பெண் நல்லவளாக இருக்கிறாள். அதுதான் எரிச்சல். "மாஸ்டர் உங்களைப் பத்தித்தான் பேசிட்டே இருப்பாரு" என்கிறாள். இப்படிச் சொல்லச் சொல்லிக் கொடுத்திருப்பார்களோ என்று தோன்றுகிறது.

அவர் கரையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கால் விரலைக்கூட நனைப்பதில்லை. குளம் குளமென்று கிடந்தவர், பூனை மாதிரி ஓரமாகப் போகிறார்.

நேற்று அவருடைய பழைய ஷூவைத் துடைக்க எடுத்தேன். உள்ளே, சாக்ஸில் சுருட்டி, ஒரு மாத்திரை அட்டை. பேர் இருக்கிற இடம் கிழிந்துவிட்டது. ஆம்பிளை பெண்டாட்டிக்குத் தெரியாமல் என்ன மாத்திரை சாப்பிடுவான்? எனக்கு என்னென்னவோ தோன்றுகிறது, எழுதக் கூசுகிறது. மருந்துக் கடையில் காட்ட முடியாது. கடைக்காரர் பெண்டாட்டி என்னோடு கவுன்ட்டரில் நிற்கிறவள், சாயங்காலத்துக்குள் ஊர் சிரித்துவிடும். அதனால் அட்டையை இதோடு வைத்து உனக்கே அனுப்புகிறேன். இப்போதாவது வாயைத் திறக்கிறாயா பார்க்கிறேன்.

அவர் காலையிலிருந்து ஷூவைத் தலைகீழாகத் தட்டிக்கொண்டிருக்கிறார். "என்ன தேடறீங்க?" என்றேன். "சாக்ஸ்" என்றார். சாக்ஸ் அவர் கையிலேயே இருக்கிறது. தேடட்டும்.

அண்ணி


ஆகஸ்ட் 9
பேருந்து நிலையம்

அண்ணி,

நலம் கேட்க நேரமில்லை. தீவில் ஒரு குழுவோடு தங்கிவிட்டு இன்று காலைதான் கரைக்கு வந்தேன். உங்கள் கடிதம் மேஜை மேல் கிடந்தது. படகு அலுவலகத்திலிருந்து வீட்டுக்குப் போன் செய்தேன், யாரும் எடுக்கவில்லை. குளத்துக்குச் செய்தேன். "கிளாஸ் நடக்குது, அப்புறம் கூப்பிடுங்க" என்று யாரோ வைத்துவிட்டார்கள். மறுபடி செய்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. கிளம்பிவிட்டேன். பஸ் வரும்வரை கை சும்மா இருக்கவில்லை, எழுதுகிறேன். இதை இங்கேயே பெட்டியில் போடுகிறேன். நான் முந்துவேனோ, இது முந்துமோ.

அது வலிப்பு மாத்திரை. ஒருவேளைகூட விடக்கூடாது என்று டாக்டர் சொன்னது.

தீவின் பின்பக்கம், நீந்துவதற்குச் சட்டையைக் கழற்றப் போனவர் அப்படியே சாய்ந்தார். கை கால் இழுத்தது. எனக்கு அவரை ஒருக்களித்துப் படுக்க வைக்க மட்டும்தான் தெரிந்தது. மீன் பிடிக்க வந்தவர்கள்தான் ஓடி வந்து பிடித்துக்கொண்டார்கள். கண் திறந்ததும் "வெயில்" என்றார். நான் நம்பவில்லை என்று தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அவகிட்ட சொல்லாதே. தண்ணியைக் கண்டாலே நடுங்கறவ, அப்புறம் என்னைக் குளத்துப் பக்கமே விட மாட்டா. அது போச்சுன்னா எனக்கு வேற என்ன வேலை தெரியும்?" என்றார்.

ஊருக்குத் திரும்பியதும் தனியாகப் போய் டாக்டரைப் பார்த்து எனக்கு எழுதினார். நீந்தக்கூடாது, வண்டி ஓட்டக்கூடாது, உயரத்தில் ஏறக்கூடாது, குளிக்கும்போது கதவைத் தாழிடக்கூடாது. நீங்கள் எனக்கு எழுதினதெல்லாம் இதுதான் அண்ணி. பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்றுதான் அந்தப் பெண்ணைக் கேட்டு வாங்கி வைத்தார். ஒவ்வொரு கடிதத்திலும் நீங்கள் சரியாகவே பார்த்தீர்கள், நான்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பஸ் வந்துவிட்டது.


ஆகஸ்ட் 25

நாத்தனாருக்கு,

உன் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். எழுந்து நடக்கிறார், நாக்கில் கடித்த இடம் ஆறி வருகிறது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ போய்ச் சேர்ந்தாயா என்றுகூட நான் கேட்கவில்லை, இப்போது கேட்கிறேன்.

ஆஸ்பத்திரியில் நீ வந்து நின்றபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ போன மறுநாள்தான் உன் கடிதம் வந்தது. அதை நான் முடிக்கவே இல்லை. பாதியில் உட்கார்ந்துவிட்டேன், பக்கத்து வீட்டம்மா வந்து எழுப்பினாள்.

அன்றைக்கு நடந்ததை நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். விசில் பெண் ஆழமான பக்கத்தில் பிள்ளைகளோடு இருந்தாள். நாங்கள் பெண்கள் இந்தப் பக்கம். "கையை இப்படி நீட்டணும்" என்று காட்ட நாற்காலியிலிருந்து எழுந்து ஓரத்துக்கு வந்தார். நீட்டின கை அப்படியே நின்றுவிட்டது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் நான் அவர் கண்ணில் இல்லை. விழுந்தார். தண்ணீருக்குள் விழுந்தார்.

நான் எப்படி அங்கே போனேன் என்று தெரியவில்லை. என் கால் தரையில் இருந்ததா என்று தெரியவில்லை. பின்னால் போய் அவர் தாடையைத் தோளில் ஏந்திக்கொண்டேன். வலிப்பு இழுக்கிற உடம்பு எத்தனை பலம்! என் மூக்கில் இடித்தது, விடவில்லை. எல்லோரும் வந்து தூக்கும்வரை அவர் வாய்க்குள் தண்ணீர் போகவில்லை என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரியில் கண் விழித்து என்னைப் பார்த்ததும் முதலில் என்ன சொன்னார் தெரியுமா? "மூச்சை விடு." குளத்தில் சொல்வது மாதிரியே சொன்னார். அப்போதுதான் நான் அழுதேன்.

உன் மேல் ஆத்திரம் இருக்கிறது. ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் நான் அந்த அட்டையைத் தொட்டிருப்பேனா? சத்தியமாம், சத்தியம்! அவரை நீ காப்பாற்றினாயா, அவர் பொய்யைக் காப்பாற்றினாயா? இப்படியெல்லாம் கேட்கத் தோன்றுகிறது. கேட்டுக்கொண்டே வரும்போது, அந்த அட்டையை உறையில் போட்டு நாக்கால் ஒட்டினது யார் என்று நினைவு வருகிறது. அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அண்ணி


நவம்பர் 3

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் தெம்பாக இருக்கிறீர்கள் என்று அண்ணன் எழுதினார். நானும் இருக்கிறேன். கூடாரங்களைத் துவைத்து, காய வைத்து, மூட்டை கட்டியாகிவிட்டது. ஏரியில் இப்போது ஆளே இல்லை. இவ்வளவு நாள் பதில் எழுதாததற்குக் காரணம் வேலை இல்லை. ஒவ்வொரு முறை எழுத உட்காரும்போதும் நீங்கள் கேட்ட கேள்விதான் எதிரே வந்து நின்றது. அவர் பொய்யைத்தான் காப்பாற்றினேன். மன்னியுங்கள்.

குளத்து அலுவலகத்திலேயே அவருக்கு மேஜை வேலை கொடுத்தார்களாமே, ரொம்ப சந்தோஷம். வெயில் காலத்தில் எல்லோரும் வாருங்கள். தீவுக்கும் போகலாம்.

ஒன்று கேட்க வேண்டும். அண்ணன் கடிதத்தில் இப்படி எழுதியிருக்கிறார்: "எல்லாம் என் கவனக்குறைவு. மாத்திரை அட்டையை எங்கேயோ தொலைத்துவிட்டேன். டாக்டர் வெளியூர் போயிருந்தார், சீட்டு இல்லாமல் கடையில் தரவில்லை. ஒரு வாரம்தானே என்று இருந்துவிட்டேன். பாவம், அவளை இந்தப் பாடு படுத்திவிட்டேன்."

அண்ணி, நீங்கள் இன்னும் சொல்லவில்லையா? அட்டை என் மேஜை இழுப்பறையில்தான் இருக்கிறது.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 17

அன்புள்ள நாத்தனாருக்கு,

குளிர் காலம் முழுக்க உனக்கு எழுதாமல் இருந்தேன். உடம்பு சுகமா? இங்கே மூவரும் சுகம். உன் அண்ணனுக்கு அதன்பிறகு ஒருமுறைகூட வரவில்லை. மாத்திரை இப்போது சாப்பாட்டு மேஜையில், எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கிறது. குட்டிதான் எடுத்துக் கொடுக்கிறாள். மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டோம். விசில் பெண்ணை இப்போது எல்லோரும் மாஸ்டர் என்கிறார்கள். நான் குளத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை நிற்காமல் போகிறேன். "தலையைத் தூக்காதே!" என்று மேஜையை விட்டு எழுந்து வந்து கத்துகிறார்.

உன் கேள்விக்குப் பதில்: சொல்லவில்லை. எத்தனையோ முறை வாய் வரை வந்தது. யார் வீட்டுக்கு வந்தாலும், "என் தப்புதான், தொலைச்சுட்டேன். இவ இல்லேன்னா நான் இல்ல" என்று என்னைக் காட்டுகிறார். கடைக்காரிகளெல்லாம் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். நான் காபி போடுகிற சாக்கில் உள்ளே போய்விடுகிறேன். ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் சந்தேகப்பட்டேன், என்னை விட்டுவிட்டேன். நீ எப்படி அத்தனை மாதம் அதை வைத்துக்கொண்டிருந்தாய் என்று இப்போதுதான் புரிகிறது. தூக்கமே வராது, இல்லையா?

அடுத்த மாதம் முகாமுக்கு வருகிறோம். கல் இல்லாத இடமாகப் பார்த்துக் கூடாரம் போடு. தீவுக்குப் போகும்போது இந்த முறை லைஃப் ஜாக்கெட்டை அவருக்குப் போட்டுவிடு, முரண்டு பிடித்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். சாப்பிட்டு முடித்ததும் நானும் அவரும் பின்பக்கம் போகிறோம். நீ குட்டியோடு படகுத்துறையில் இரு. அந்த அட்டையை எடுத்து வந்து என் கையில் கொடு, அதை வைத்துக்கொண்டுதான் எனக்குச் சொல்ல வரும்.

திரும்பி வர நேரமானால் தேடி வராதே. என் கண் சிவந்திருந்தால் ஏன் என்று கேட்காதே. துண்டு ஒன்று எடுத்துப் போகிறேன். அது நனைந்து வந்தால், அம்மா நீந்தினாள் என்று குட்டியிடம் சொல்லிவிடு.

அண்ணி